ஆல்பத்தில் இல்லாத சம்பந்திகள்

பிஷ்கெக் நகரத்தில் எங்கள் சின்னக் கம்பெனியில் புருல்சாவுக்கு என் பக்கத்து மேஜை. படங்களைப் பிரித்து ஆல்பமாக அடுக்கித் தரும் மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு. அதில் பாதி அவள் எழுதியது. கெட்டிக்காரி. பிடிவாதத்தில் இன்னும் கெட்டிக்காரி. திறக்கத் தெரியாத படம் வந்தால் மென்பொருள் சத்தமில்லாமல் அதைத் தாண்டிப் போய்விடும். அப்படி வைத்தவள் அவளேதான். “எதுக்கு ஜனங்களைப் பயமுறுத்தணும்?” என்பாள். சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

போன குளிர்காலத்தில் அவள் தம்பி எர்னிஸுக்குக் கல்யாணம். பெண் ஐசிரெக்குக்கு ஊர் மலைக்கு அப்பால் நாரின் பக்கம். பெண்ணை வழியனுப்பும் விருந்தை அங்கே அவளுடைய அண்ணன் புதுப் போனில் எடுத்தான். பிறகு பனியில் மலைப்பாதை அடைத்துவிட்டதால் பெண் வீட்டார் பிஷ்கெக் விருந்துக்கு வரவில்லை. புருல்சா அந்த அண்ணன் அனுப்பியதையும் சேர்த்து எல்லாப் படங்களையும் மென்பொருளில் கொட்டி, ஆல்பம் அச்சடித்து இரண்டு வீட்டுக்கும் அனுப்பினாள். அண்ணனின் புதுப் போன், படங்களைப் புதுவகைக் கோப்பாகச் சேமித்திருந்தது. ஒன்றுகூட ஆல்பத்தில் ஏறவில்லை. பெண் வீட்டார் ஒருவர் முகமும் அதில் இல்லை.

ஐசிரெக் பார்த்திருப்பாள். புது மருமகள் என்ன பேசுவாள்? குனிந்த தலையோடு தேநீர் ஊற்றினாள்.

அவளுக்குப் பிரசவம் நெருங்கியபோதுதான் விஷயம் வெடித்தது. இங்கே வழக்கப்படி முதல் பிள்ளைக்குத் தொட்டில் கொண்டுவருவது பெண்ணின் அம்மா. ஐசிரெக்கின் அம்மா சாதத் அம்மாள் போனில் சொல்லிவிட்டார்: “நான் எதுக்கு வரணும்? ஆல்பத்துல இருக்கிறவங்க கொண்டுவரட்டும்.”

“எங்கம்மா வராம என் பிள்ளையைத் தொட்டில்ல போட மாட்டேன், அண்ணி” என்று ஐசிரெக் புருல்சாவிடம் அழுதாள்.

அந்தப் புதுவகைக் கோப்புகளைத் திறக்க மென்பொருளுக்குச் சொல்லித்தரும் வேலையில் புருல்சா இறங்கினாள். முதலில் படங்கள் பச்சையாக வந்தன. பிறகு நிறம் சரியானது, ஆட்கள் சாய்ந்தார்கள். படத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கோப்பில் இரண்டு இடத்தில் குறிப்பு இருந்தது; இவள் மென்பொருள் இரண்டையும் நம்பி இரண்டு முறை திருப்பியது.

“உன் சம்பந்திங்க மொத்தமா படுத்துட்டாங்களே. விருந்து அவ்வளவு பலமா?” என்றேன்.

“வாயை மூடிட்டு டீ போடு” என்றாள்.

ஒருவழியாக எல்லாரும் நிமிர்ந்தார்கள். புது ஆல்பத்தோடு என் காரில் நாரினுக்குப் போனோம்.

சாதத் அம்மாள் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்கும் பாலாடையும் வைத்தார். உபசாரத்தில் குறை இல்லை. ஆல்பத்தைப் பொறுமையாகப் புரட்டினார். புது வகைக் கோப்பு, பழைய மென்பொருள் என்று புருல்சா விளக்கிக்கொண்டே போனாள்.

“மெஷின் விட்டுடுச்சு, சரி. அதுக்குக் கண்ணா இருக்கு?” என்றார் அவர். “நீங்க எல்லாரும் கூடி உட்கார்ந்து முழுசா பார்த்தீங்களே. நாங்க இல்லைன்னு ஒருத்தருக்கும் தோணலையா, மகளே?”

புருல்சா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காரணம் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அன்று முகம் சிவந்து, தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“தோணலை, அத்தை.”

சாதத் அம்மாள் ஆல்பத்தை மூடினார். “இதைச் சொல்ல ஒருத்தராவது வருவீங்களான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்” என்றவர், தொட்டிலைக் காரில் ஏற்றும்படி மகனிடம் சொன்னார்.