அரை மணிக்கு ஓர் ஆள்

பத்தரை மணிக்கு ஒருவர் என்று எழுதியிருந்தேன். நான்கு பேர் உள்ளே வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்களின் களப்பணிக்கு நாள், ஆள், செலவு மூன்றையும் திட்டமிட்டுத் தருவது என் தொழில். நீங்களும் அட்டவணை போட்டு அவதிப்பட்டவர் என்றால், அப்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

தனியாக

மூடிப்போன தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய நார்வேயிலிருந்து மரியா வந்திருந்தார். பதினோரு நாளில் இருபது பேர். ஒவ்வொருவரும் மற்றவர் காதில் விழாமல் பேச வேண்டும் என்பது அவருடைய பல்கலைக்கழகத்தின் நிபந்தனை. இருபது சேராவிட்டால் ஆய்வு அதோடு நின்றுவிடும். சுரங்கத்தை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டையில் ஓர் அறை எடுத்திருந்தேன்.

பத்தரை மணிக்காரர் தேவசகாயம். மற்ற மூவரும் அவரோடு ஒரே ஷிப்டில் இறங்கியவர்கள். அந்த மூவரையும் வீட்டுக்குப் போகச் சொன்னேன். எழுந்தார்கள். தேவசகாயமும் எழுந்தார்.

"கீழ ஒருத்தனா போனதே இல்லம்மா. ஒருத்தனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மேல வந்து சொல்ல இன்னொருத்தன் வேணும்ல."

விட்டுப்போனது

மூன்று நாள் போயிற்று. தொழிலாளர் குடியிருப்பான பாலகாட்டுக்குக் கார் அனுப்பினால், ஒருவரோடு அவருடைய கூட்டாளிகளும் ஏறினார்கள். இடம் போதாவிட்டால் எல்லோரும் இறங்கிக்கொண்டார்கள். ஒரு பதிவும் இல்லை. மரியா விமான டிக்கெட்டை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

நான்காம் நாள், தேவசகாயத்தின் கூட்டாளி முனுசாமி என் திட்டத் தாளை வாங்கிப் படித்தார். பிறகு ஜன்னலைக் காட்டினார். பேசுகிறவர் உள்ளே, மற்றவர்கள் வெளியே, கண்ணுக்குத் தெரிகிற, காதுக்கு எட்டாத தூரத்தில். நிபந்தனைக்கும் பங்கமில்லை. இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவரையே கேட்டேன்.

"காருக்கு இவ்ளோ, மைக்குக்கு இவ்ளோன்னு போட்டுக்கிறீங்க. வெளிய காத்துக்கினு இருக்கிறவனுக்கு ஒரு பெஞ்சு போட்டீங்களா?"

பதினோராம் நாள்

கார் அனுப்புவதை நிறுத்தினேன், அந்தக் காசில் பெஞ்சும் டீயும் வந்தன. யார் எப்போது என்பதை அவர்களே ஷிப்ட் வாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். கடைசி நாள் காலைக்குள் பத்தொன்பது முடிந்திருந்தது.

இருபதாவது தேவசகாயம். எல்லோரும் முடிக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தவர். அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி. ஜன்னல் வழியே அவர் குனிந்திருப்பது தெரிந்தது. மரியா ஊருக்குக் கிளம்ப வேண்டும். கதவைத் தட்டலாமா என்று எழுந்தேன்.

"இரும்மா, பேசட்டும்" என்றார் முனுசாமி. "நாங்க கீறோம்ல."

மரியாவின் அறிக்கையில் ஒருங்கிணைப்பாளர் என்று என் பெயர் இருக்கிறது. நான் ஒருங்கிணைத்தது டீயை மட்டும்தான்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. முனுசாமி எழுந்து போய், வாசலில் கிடந்த தேவசகாயத்தின் செருப்பைக் காலுக்கு வாகாகத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.