சந்திரகலா போட்ட ‘சரி’

நெல்லித்தோப்பில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எட்டுப் பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனி அது. பிறருடைய இணையதளங்களில் வீடியோ ஓடுவதற்கான பிளகின் என்ற சின்ன மென்பொருளைச் செய்து விற்றார்கள். எல்லா போனிலும் எல்லா கம்ப்யூட்டரிலும் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது சந்திரகலாவின் வேலை. ஒரே வீடியோவை விண்டோஸில், ஆண்ட்ராய்டில், ஆப்பிளில் என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்ப்பாள். இப்படியே ஏழு வருடம். அப்பா மில் தொழிலாளி. வீட்டில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள் அவள்தான்.

கோடிங்குக்கு மாற வேண்டும் என்று இரண்டு வருடம், தவளக்குப்பத்திலிருந்து வரும் பஸ்ஸிலேயே போனில் படித்தாள். முதலாளி செம்மலிடம் கேட்டும் வைத்திருந்தாள். “அடுத்த சீட்டு உங்களுக்குதான்” என்றார். அந்த சீட்டில் வந்து உட்கார்ந்தவள் அபி. இருபத்து மூன்று வயது.

அபியைக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. சந்திரகலாவுக்கு அதுதான் தாங்கவில்லை. வந்த மூன்றாம் மாதமே புதிய பிளகினை அபி தனியாக எழுதினாள். செம்மல் டீயோடு அவள் மேசைக்கே போய் நின்று பேசினார். சந்திரகலாவின் மேசைக்கு அவர் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறார், ஏ.சி. பழுதானபோது. ஏ.சி. அவள் தலைக்கு மேலே இருந்தது.

வியாழக்கிழமை மதியம் அபியின் பிளகினைப் பரிசோதித்தாள். விண்டோஸில் ஓடியது, ஆண்ட்ராய்டிலும் ஓடியது. ஆபீசின் பழைய ஐபோனில் குரல் மட்டும் வந்தது, படம் கறுப்பு. வீடியோவைச் சுருக்க அபி பயன்படுத்திய புது ஃபார்மட் அந்த போனுக்குப் புரியாது என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எதிர்வரிசையில் அபி எதற்கோ சிரித்தாள். சந்திரகலா பரிசோதனை முடிவு எழுதும் ஷீட்டில் ஆப்பிளுக்கு நேரே ‘சரி’ என்று போட்டாள்.

மறுநாள் காலை பிசியோதெரபி டாக்டர் நிர்மலா வந்தார். நோயாளிகள் வீட்டிலேயே பார்த்துச் செய்ய உடற்பயிற்சி வீடியோக்கள் அவருக்கு வேண்டும். லேப்டாப்பில் எல்லாம் அழகாக ஓடியது. “என் போன்ல பாக்கலாமா?” என்று தன் பழைய ஐபோனை எடுத்தார். கறுப்புத் திரையிலிருந்து, “எடது முட்டிய மெதுவா மடக்குங்க” என்றது குரல்.

“எங்க மடக்கறது? ஒண்ணுமே தெரியலயே” என்றார் டாக்டர்.

செம்மல் ஷீட்டைப் பார்த்தார். “சந்திரகலா, ஆப்பிள்ல சரின்னு போட்டிருக்கீங்களே?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அபி முந்திக்கொண்டாள். “சார், அக்கா பாத்ததுக்கு அப்பறம் நான் ஒரு வாட்டி மாத்துனேன். அதுல போயிருக்கும். என் தப்புதான் சார்.”

அபி மாற்றியது பட்டனின் நிறத்தை மட்டும். அது சந்திரகலாவுக்குத் தெரியும்.

“பரவால்லம்மா, ஒத்துக்கிறதுக்கே ஒரு மனசு வேணும்” என்றார் டாக்டர்.

சந்திரகலாவுக்கு வயிறு எரிந்தது. இந்த நல்ல பெயரையும் இவளேயா வாங்கிக்கொள்ள வேண்டும்?

“இல்ல சார். நேத்து நான் பாக்கறப்பவே கறுப்பாதான் வந்துச்சு. தெரிஞ்சேதான் சரின்னு போட்டேன்” என்றாள். “அதே வீடியோவ பழைய ஃபார்மட்லயும் ஒரு காப்பி சேத்து வச்சிட்டா ஓடும்.”

டாக்டர் ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டுப் போனார். செம்மல் கத்தவில்லை. “ஏழு வருசத்துல உங்க ஷீட்ட நான் ஒரு தடவகூட சந்தேகப்பட்டதில்ல” என்றார். “கோடிங் சீட்டு பத்தி இனிமே எங்கிட்ட கேக்காதீங்க.”

படிக்கட்டில் அபி அவளை நிறுத்தினாள். “ஏங்க்கா நேத்தே எங்கிட்ட சொல்லல?”

“நீ வந்ததுலேர்ந்து உன்னப் பாத்தாலே எனக்கு எரியுது.”

அபி திரும்பி இரண்டு படி ஏறினாள். பிறகு, “அந்தக் காப்பிய எப்டி சேக்கறதுன்னு காட்டுங்க” என்றாள்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாரம் அதைச் சரிசெய்தார்கள். டாக்டர் வாங்கிக்கொண்டார்.

போன மாதம் அபியை டீம் லீடர் ஆக்கினார்கள். அவள் கொடுத்த லட்டைச் சந்திரகலா தின்றாள். தொண்டையில் இறங்க நேரமாயிற்று. மதியம் அபியின் புதிய பிளகினைத் திறந்து எல்லா போனிலும் ஓடவிட்டாள். மூன்று கோளாறு கிடைத்தது. மூன்றையும் ஷீட்டில் ஏற்றினாள், கொஞ்சம் பெரிய எழுத்தில்.