பின்பாக்கெட் சாவிக்கொத்து

வேன் ஓட்டுகிறவருக்குச் சிடுமூஞ்சி என்றே பெயர். புட்டத்தில் கிளம்பிக் குதிகால் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் வலித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? மனைவி கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்த்தே சலித்துப்போனாள். முதலாளியோ, "நல்லா நடிக்கிறான்யா" என்று எல்லார் முன்னாலும் நக்கலடித்தார்.

காலைத் தூக்கிப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "கால் மேல தப்பே இல்லைங்க. இடுப்புலேர்ந்து காலுக்குப் போற நரம்பு, நீங்க உட்கார்ற இடத்துல நசுங்குது. பின்பாக்கெட்ல என்ன அது?"

கிடங்குச் சாவிக்கொத்து. கை நிறைய இரும்பு. ஒருமுறை சாவி தொலைந்ததிலிருந்து, அது பாக்கெட்டை விட்டு வெளியே வரவே கூடாதென்பது முதலாளியின் சட்டம். முன்பாக்கெட்டில் வைத்தால் கிளட்ச் மிதிக்கும்போது குத்துகிறதென்று பின்னால் மாற்றியவர், வருடக்கணக்காக அதன்மேல் உட்கார்ந்துதான் வண்டி ஓட்டியிருக்கிறார்.

அவருக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நொண்டிக்கொண்டே போய், கொத்தை முதலாளியின் மெத்தை நாற்காலியில் வைத்தார்.

"உக்காருங்க முதலாளி. சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. அப்புறம் நடந்து காட்டுங்க, யாரு நல்லா நடிக்கிறாங்கன்னு பாத்துடலாம்."