சரக்கு கட்டும் பெல்ட்டால் காரை இழுத்தோம்

மணிமங்கலம் ஏரிக்கரைச் சேற்றில் எங்கள் சிறிய எஸ்யூவி சிக்கியது. காரை இழுக்க வேண்டும் என்று சொல்லி ஒரகடத்தில் வாங்கியிருந்த பெல்ட்டால், அவ்வழியே வந்த ஒரு டிராக்டரோடு காரை மாட்டினோம். டிராக்டர் வெடுக்கென்று இழுத்ததும் பெல்ட்டின் இரும்புக் கொக்கி தெறித்து, ஓரமாக நின்ற என் மனைவியின் காதை உரசிப் பறந்தது.

மறுநாள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"அஞ்சு டன்னுனு போட்டுக்கீதே சார், உன் வண்டி இன்னா லாரியா?" என்று சிரித்தார்.

"இது லாரியில சரக்கு கட்டுற பெல்ட்டுய்யா!"

"கட்டினா இன்னா, இழுத்தா இன்னா?"

தொழிற்சாலையில் தினமும் இதே பெல்ட்டால் பெட்டிகளைக் கட்டி அனுப்புபவன் நான். அதில் போட்டிருக்கும் எடை, அசையாத சுமையைக் கட்டுவதற்கான கணக்கு, வெடுக்கென்று இழுப்பதற்கு அல்ல என்று தெரிந்தும், 'ஐந்து டன்' என டைரியில் குறித்து வாங்கிய என்மீதும் ஆத்திரம் தீரவில்லை.

இப்போது, இழுப்பதற்கென்றே செய்த, கொக்கியில்லாத பட்டையைத்தான் வைத்திருக்கிறேன். டிராக்டர்காரர் முறைத்தாலும், ஆட்கள் தள்ளிப்போகாமல் இழுக்க விடுவதில்லை.