இரண்டாவது மதிப்பெண் தாள்

கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் அவளுக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் ஒரு போன். அதில் ஓயாமல் ஒரே கேள்வி: பிள்ளை நுழைவுத் தேர்வை இரண்டாம் தடவை எழுதிவிட்டது, கேவலமாக நினைப்பீர்களா? பதில் அவளுக்குத் தூக்கத்தில்கூட வரும்.

"ரெண்டு ஷீட்டையும் அனுப்புங்க. ஒவ்வொரு பாடத்துலயும் எது கூடவோ அதைத்தான் எடுத்துப்போம்."

உடனே, "நெஜமாவா மேடம்?" என்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பொய் சொல்லவா சம்பளம் தருகிறார்கள்!

அவள் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. நேற்று வந்தவர்கள்கூட டிகிரியைக் காட்டி அவளைத் தாண்டிப் போனார்கள். அதே கல்லூரியின் மாலை வகுப்பில் சேர நாற்பத்திரண்டுதான் கடைசி வயது. அவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு. துணிந்து தேர்வு எழுதினாள்.

இரண்டு பாடமும் சேர்த்து நூற்றுநாற்பது வேண்டும். மொழியில் எண்பத்தொன்று, கணக்கில் ஐம்பத்துநான்கு, ஐந்து குறைந்தது. மகளின் கணக்குப் புத்தகத்தோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டி மறுபடி எழுதினாள். கணக்கு அறுபத்துமூன்றுக்கு ஏறியது, மொழி அறுபத்தாறுக்குச் சரிந்தது. மொத்தத்தில் முன்னைவிடக் குறைவு.

"எவ்வளவும்மா?" என்றாள் மகள்.

"அத விடு."

ஆபீசே சிரிக்கும் என்று அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். விதி தெரியாமல் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு என்றால் சரி, தனக்கு என்று வரும்போது நம்பிக்கை வரவில்லை. விண்ணப்பத்தில், எத்தனை முறை எழுதினீர்கள் என்ற இடத்தில் மட்டும் பொய் சொல்லக் கை கூசியது. 'இரண்டு' என்று எழுதி, முதல் தாளை மட்டும் இணைத்தாள். நூற்று முப்பத்தைந்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்களோ என்று ஒரு நப்பாசை.

மறுவாரம் போன் அடித்தது. பக்கத்து அறையிலிருந்து தலைமை எழுத்தர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவருடைய வழுக்கை தெரிந்தது. குரல் மட்டும் முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவதுபோல் இருந்தது.

"மேடம், ரெண்டு தடவை எழுதினதா போட்டிருக்கீங்க. ஒரு ஷீட்தான் வந்திருக்கு."

"அது... குறைஞ்சுபோச்சு சார்."

"அதனால என்ன? ரெண்டையும் அனுப்புங்க. ஒவ்வொரு பாடத்துலயும் எது கூடவோ அதைத்தான் எடுத்துப்போம்."

எண்பத்தொன்றும் அறுபத்துமூன்றும். நூற்று நாற்பத்துநான்கு. கைப்பையைத் துழாவிக்கொண்டே, தன்னை அறியாமல் கேட்டாள்:

"நெஜமாவா சார்?"