சாந்தி அக்கா வைத்த நேர்த்தி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, ஹாயாக இரண்டாவது காபியோடு உட்கார்ந்தேன். பொறுக்குமா? காலிங் பெல்! வாசலில் பக்கத்து வீட்டு சாந்தி அக்கா. தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, கையில் அர்ச்சனைத் தட்டு.

"கீதா, என்னை ஒருக்காக் கோயிலுக்குக் கொண்டுபோய் விடுவீரோ?"

"வாங்கக்கா, போலாம். அபிக்கு வேண்டிக்கவா?"

"இல்லை. வச்ச நேர்த்தியைத் திருப்பி எடுக்க."

அக்கா ஊரில் நேர்த்தி என்றால் நம்மூர் வேண்டுதல். அதை நிறைவேற்றப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மறந்துபோய், அப்புறம் அலறியடித்துக்கொண்டு ஓடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன் — நானே அந்த ரகம்தான். கேன்சல் பண்ணப் போகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்...

விஷயம் அபிராமி. அக்காவின் ஒரே மகள். ஆறடி உயரம். இங்கே லண்டன் ஹரோவில், கராஜ் கதவில் பந்தடித்து என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்தவள். ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கக் காலேஜுக்குப் போனாள். பாஸ்கட்பாலில் ஸ்டார் ஆனாள். ஜிம் சுவரில் அவளுடைய ஆளுயரப் போட்டோ மாட்டியிருக்கிறார்களாம். பாவம், எவ்வளவு பெரிய சுவர் தேடினார்களோ! படிப்பு முடிந்ததும் புரொஃபஷனல். ஹங்கேரி, போர்ச்சுகல், இப்போது போலந்து. அங்கே பேக்கரிக்குப் போனால் முன்பின் தெரியாதவர்கள் செல்ஃபி கேட்கிறார்களாம்.

வெம்பிளி கல்யாண மண்டபத்தில் யார் செல்ஃபி கேட்டார்கள்?

"மகள் என்ன வேலை?"

"பந்து விளையாடுறாள்."

"அது சரி... வேலை?"

எத்தனை கல்யாணத்தில்தான் ஒரு அம்மா இதைத் தாங்குவார்? காரில் ஏறியதும் அக்கா கொட்டிவிட்டார்.

"போன வருசத் தேருக்கு அம்மாளிட்ட நேர்த்தி வச்சனான் கீதா. இவள் பந்தை விட்டிட்டு வீட்டை வந்திட வேணும் தாயே, வந்தா உனக்குப் பாற்செம்பு எடுக்கிறன் எண்டு."

"சரி..." பாற்செம்பு என்றால் நம்மூர் பால்குடம்.

"வந்திட்டாளே!"

வந்துவிட்டாள்தான். முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஊன்றுகோலோடு. மேட்சில் ஒருத்தி மோதி, முழங்கால் மடங்கி விழுந்திருக்கிறாள். ஜவ்வு கிழிந்திருந்தால் இனி ஆட்டமே இல்லை என்று டீம் டாக்டர் சொல்லிவிட்டார். லண்டனில் ஸ்கேன் எடுத்தாயிற்று. ரிசல்ட் அன்றைக்கு வர வேண்டும்.

"நீங்க ஆசைப்பட்டதுதானேக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். என் வாய் அப்படி.

அக்கா கோபப்படவில்லை. "நேற்று அவளின்ர டீமுக்கு மேட்ச். காலைத் தூக்கிக் கதிரையில வச்சுக்கொண்டு, சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு லாப்டொப்பில பார்த்துக்கொண்டிருந்தவள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. அழுதிருந்தா எனக்கு இவ்வளவு பயம் வந்திராது." சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நான்தான் கீதா பிள்ளையை விழுத்தினது."

பார்க்கிங் தேடிக் கோயிலை மூன்று முறை சுற்றினேன். பிரதட்சிணம் காரிலேயே முடிந்தது.

ஐயர் பொறுமையாகக் கேட்டார். "பிள்ளை வீட்டை வந்ததோ?"

"ஓம் ஐயா, ஆனா..."

"வந்ததெண்டா பாற்செம்பு எடுக்கத்தான் வேணும் அம்மா. நேர்த்தியைத் திருப்பி எடுக்க ஏலாது."

அக்காவின் முகம் செத்துப்போனது. பால்குடம் எடுத்தால்? 'சரி, கேட்டது முடிந்தது' என்று அம்மன் ஃபைலை மூடிவிடுவாள். எடுக்காவிட்டால்? தெய்வக்குத்தம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

அந்த நேரம் பார்த்து போன். அபி! அக்கா அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"அம்மா, இட்ஸ் நாட் டோர்ன்! ஜஸ்ட் எ ஸ்ப்ரெயின். ஐ கேன் ப்ளே, அம்மா..."

அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஆறடிப் பெண் ஓவென்று அழுகிறாள். இந்தப் பக்கம் அக்கா, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அழு பிள்ளை, நல்லா அழு" என்கிறார். நான் மட்டும் என்ன, கல்லா? முந்தானை நனைந்துவிட்டது. அப்பாடா... அன்றைக்கு வந்த மூச்சுதான் மூச்சு!

வெள்ளிக்கிழமை அக்கா பாற்செம்பு எடுத்தார். ஐயர் சொல்லிவிட்டார், எடுத்துத்தானே ஆக வேண்டும்? பின்னால் ஊன்றுகோலோடு அபி. வழியிலேயே நேர்த்திக் கதையை அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"ஸோ... எனக்கு ஃபவுல் பண்ணினது நீங்களோ அம்மா?"

கோயிலில் இருந்த பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். கூட்டத்தில் ஒரு மாமி விடவில்லை. "மகள் இன்னும் வேலை எடுக்கேல்லையோ?"

தலையில் செம்போடு அக்கா நிமிர்ந்தார். "எடுத்திட்டாள். போலந்தில. பந்து விளையாடுறதுதான் வேலை."

அப்படிப் போடுங்கக்கா!

போன வாரம் அபி போலந்துக்குத் திரும்பினாள், சொந்தக் காலில் நடந்து. ஏர்போர்ட்டுக்கு வேறு யார், நான்தான் டிரைவர். திரும்பி வரும்போது அக்கா கோயிலில் நிறுத்தச் சொன்னார். போனவர் வர ரொம்ப நேரமானது. மறுபடியும் ஏதாவது வைத்துவிட்டாரோ?

காரில் ஏறியதும் கேட்டேவிட்டேன். "என்னக்கா வேண்டிக்கிட்டீங்க?"

"கும்பிட்டன். ஒண்டும் கேக்கேல்லை."

"ஏன்க்கா?"

"கேட்டாத் தந்திடுவா."