வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள்

ருஸ்மியாத்தி வீட்டு ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே ஜாவாவின் சிந்தோரோ மலை நிற்க வேண்டும். பாதி நாள் நிற்காது. மூட்டம் இறங்கி, புகையிலைக் காட்டை மூடி, வேலியை மூடி, ஜன்னல் கம்பி வரைக்கும் வந்துவிடும். மலை அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு காப்பி குடிக்க வேண்டியதுதான். அப்படி நம்புவது ருஸுக்கு நன்றாகவே வரும்.

ஒன்பது வருஷம் ஹாங்காங்கில் வீட்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு. பூங்காவில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து ஊர்ப் பெண்களெல்லாம் தலை பின்னிக்கொள்வார்கள், அரட்டையடிப்பார்கள், அப்படியே சாய்ந்து தூங்குவார்கள். ருஸ் மட்டும் போனில் வலைப்பதிவு படிப்பாள். ஜகார்த்தாவிலிருந்தும் சுரபாயாவிலிருந்தும் யார் யாரோ ஊர் சுற்றிவிட்டு எழுதுவது. ஒரு ஞாயிறு, யாரோ போட்ட படத்தில் அவளுடைய மலை இருந்தது. கீழே புகையிலைக் காடு. ஓரத்தில் அவள் அக்கா பர்ஸியின் வீட்டுத் தகரக் கூரை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு வயதில் விட்டுவிட்டு வந்த மகள் லிந்தாங் அந்தக் கூரைக்குக் கீழேதான் எங்கோ விளையாடிக்கொண்டிருக்கிறாள். ருஸுக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிப் போய் இரண்டு அறை கட்ட வேண்டும், மலை பார்க்க வருகிறவர்களைத் தங்க வைக்க வேண்டும், மறுபடி விமானம் ஏறவே கூடாது என்று அன்றைக்கு நினைத்தாள்.

அறையும் கட்டியாயிற்று. போர்வையும் வாங்கியாயிற்று. ஆள்தான் வரவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஸெமாராங் ஏஜெண்ட் ஹார்ட்டோயோ மட்டும் மாதம் தவறாமல் போன் செய்தார். "உங்க பழைய முதலாளியம்மா உங்களையேதான் கேக்குறாங்க. புகையிலை அறுப்பு முடிஞ்சதும் வந்துடறீங்களா?" ருஸ் வழக்கம்போல, "ஆகட்டுங்க" என்றாள்.

அறுப்புக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்குள் அறைகளுக்கு ஆள் வந்துவிட்டால் இருக்கலாம், வராவிட்டால் கிளம்பத்தான் வேண்டும். மகளோ அவளை விருந்தாளியைப் போல நடத்திக்கொண்டிருந்தாள். பெரியம்மா பர்ஸியிடம், "சோறு போடு, பசிக்குது" என்று கத்துகிற பெண், ருஸைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்பாள். நல்ல வளர்ப்பு என்று ஊரே மெச்சியது.

ஊரில் போன் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான். காலையில் அங்கே போய் உட்கார்ந்து, பதிவர்கள் வந்து எழுதினால் மற்றவர்களும் வருவார்கள் என்று, தான் படித்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கடிதம் எழுதினாள். முப்பத்தொரு பேருக்கு.

"தொந்தரவுக்கு மன்னிக்கவும். எங்கள் வீடு சின்னது, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. குளிரும். சாப்பாடும் சுமார்தான். எப்போதாவது இந்தப் பக்கம் வர நேர்ந்தால் வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள். இரண்டு நாள் தங்கினாலும் சரி, எங்களுக்கு ஒன்றும் தர வேண்டாம். எழுதத் தோன்றினால் எழுதுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை."

இதைப் படித்து யார் வருவார்கள்? ஜாவாக்காரர்களிடம் "மம்பிர்" என்று ஒரு சொல் உண்டு. வாசலில் நிற்பவர் தெருவில் போகிறவரைப் பார்த்து, வந்துட்டுப் போங்க என்று சொல்வது. போகிறவர், "ஆகட்டுங்க" என்று தலையைக் குனிந்துவிட்டு நடந்துகொண்டே இருப்பார். நிஜமாகவே செருப்பைக் கழற்றிவிட்டு அவர் உள்ளே வந்தால் வீட்டுக்காரிக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ருஸும் பிறந்ததிலிருந்து அப்படிச் சொல்லி வளர்ந்தவள்தான். ஹாங்காங்கில் கான்டனீஸில் மீன் விலைக்கு மல்லுக்கு நின்றவள், சொந்த மொழிக்குத் திரும்பியதும் பழையபடி குழைய ஆரம்பித்துவிட்டாள். மனசார அழைத்தாள், ஆனால் வழிப்போக்கரை அழைப்பதுபோல அழைத்தாள்.

முப்பது பதில் வந்தது. மிக்க நன்றி, கண்டிப்பாக, ஆகட்டும். அதற்கு அர்த்தம் தெரிந்திருந்தும், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தடவை போர்வையை வெயிலில் போட்டு எடுத்தாள். மூட்டத்துக்குள்ளிருந்து யாரோ ஒருவர் முதுகுப்பையோடு ஏறி வருவதுபோலவும், "மலை எங்கே?" என்று கேட்பதுபோலவும் நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பாள். பர்ஸி பார்த்துவிட்டு, "போர்வை தேஞ்சு போகுது, ஆளைக் காணோம்" என்பாள்.

முப்பத்தொன்றாவது பதில் டியுர்மா என்பவளிடமிருந்து வந்தது. சுமத்ராவில் மேடான் பக்கத்து பாத்தாக் இனப் பெண், இப்போது இருப்பது ஜகார்த்தாவில். அவர்கள் வாய்க்கு ஒளிவு மறைவு கிடையாது.

"எந்தக் கிழமை வரணும்? எத்தனை மணிக்கு? சாப்பாடு சுமார்னா நானே வாங்கிட்டு வரட்டுமா?"

ருஸ் பதறிப்போய், "எப்ப வேணும்னாலும் வாங்க" என்று எழுதினாள். "எப்ப வேணும்னாலும்ங்கிற கிழமை என் காலண்டர்ல இல்லக்கா" என்று உடனே பதில் வந்தது. கடைசியில் ருஸ் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னாள்.

சொன்ன வெள்ளிக்கிழமை டியுர்மா மோட்டார் சைக்கிளில், ஈரத்தோடு, பெரிய குரலோடு வந்து இறங்கினாள். சோளச் சோற்றை ஒரு வாய் வைத்தாள். "குழம்புல சர்க்கரை கொட்டிட்டீங்களா? மிளகாய் இருக்கா?" பர்ஸிக்கு முகம் சுண்டிவிட்டது. லிந்தாங் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டியுர்மா இரண்டு தட்டு மிளகாயோடு மூன்று தட்டு சோறு சாப்பிட்டாள்.

மறுநாள் காலை மூட்டம் விலகியது. டியுர்மா ஜன்னலில் சாய்ந்து ரொம்ப நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ருஸ் எழுதிய கடிதத்தைப் போனில் திறந்து காட்டினாள்.

"இந்த மலையப் பத்தி இதுல ஒரு வரி இல்ல. குளிரும்னு இருக்கு, வீடு சரியில்லன்னு இருக்கு. வராதீங்கன்னு சொல்ல இவ்ளோ மரியாதையா?"

"நம்மளப் பத்தி நாமளே பெருமையா எழுதுனா நல்லாவா இருக்கும்?" என்றாள் ருஸ்.

"வேணும்னா வேணும்னு சொல்லுங்கக்கா." சொல்லிவிட்டு, தேநீர் கொண்டு வந்து வைத்த லிந்தாங்கைப் பார்த்தாள். "ஏய், நீ என்ன உங்கம்மாவ வாங்க போங்கன்னுட்டு? இவங்க என்ன வாடகைக்கு வந்தவங்களா?"

லிந்தாங் தரையைப் பார்த்தாள். "போயிடப் போறவங்கதான" என்றாள் மெதுவாக. ருஸ் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

டியுர்மா கிளம்பிப் போய், மிளகாயைப் பற்றிப் பாதியும் மலையைப் பற்றிப் பாதியுமாக ஒரு பதிவு எழுதினாள். ருஸ் அந்தப் பதிவை இணைத்து, மற்ற முப்பது பேருக்கும் மறுபடி எழுதினாள். இந்த முறை மூன்று வரிதான். "சனிக்கிழமை வாருங்கள். ஜன்னலில் சிந்தோரோ தெரியும். நான் காத்திருப்பேன்." அனுப்பிவிட்டு, அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டதுபோலக் காது சுட உட்கார்ந்திருந்தாள். நான்கு பேர் எந்தச் சனிக்கிழமை என்று கேட்டு எழுதினார்கள். நான்கு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் இருந்தது. ஆனாலும் நான்கு பேர்.

அறுப்பு முடிந்த வாரம், முற்றமெல்லாம் மூங்கில் தட்டுகளில் புகையிலை காய்ந்துகொண்டிருந்தபோது, ஹார்ட்டோயோ காரிலேயே வந்துவிட்டார். கையில் உறை. ஜாவாவில் யாருக்கும் சம்மதமாகாத "ஆகட்டும்" ஏஜெண்டுகளுக்கு மட்டும் கையெழுத்தாகிவிடும்.

"எல்லாம் ரெடி. செவ்வாய்க்கிழமை விமானம். நீங்க ஆகட்டும்னு சொன்னதால டிக்கெட்டே போட்டாச்சு."

எப்படி மறுப்பது? வீடு தேடி வந்த மனுஷர். ருஸின் தலை தானாகக் குனிந்தது. "ஆக…" என்று வாய் ஆரம்பித்தேவிட்டது.

"போகாத."

லிந்தாங் புகையிலைத் தட்டுகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. "நீ போகாத. எனக்குப் பிடிக்கல."

பர்ஸி அதட்டினாள். "அம்மாகிட்ட பேசுற பேச்சா இது?"

ருஸ் நிமிர்ந்தாள். "வரலீங்க" என்றாள்.

ஹார்ட்டோயோ சிரித்தார். "நிதானமா யோசிச்சு…"

"யோசிச்சாச்சு. வரல. முதல்லயே சொல்லியிருக்கணும், தப்பு என்மேலதான்."

கார் மூட்டத்துக்குள் இறங்கிப் போகும் சத்தம் அடங்கியது. லிந்தாங்குக்கு அப்போதுதான் பயம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, மன்னிச்சுக்கங்க. நீங்க…"

ருஸ் அவள் கைகளைப் பிரித்துவிட்டாள்.

"அப்படி இல்லடி," என்றாள். "முன்ன சொன்ன மாதிரியே சொல்லு."